ஃபிராக்கிங்: கம்பெனி பேச்சை மக்கள் ஏன் நம்ப மறுக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: ஃபிராக்கிங் முறையில், அதாவது ஆழத்தில் இருக்கும் பாறையைத் திரவ அழுத்தத்தால் பிளந்து, எரிவாயு எடுப்பதால் குடிநீர் கெடுவதில்லை என்று ஆய்வுகளே சொல்வதாக ஒரு தரப்பு அடித்துப் பேசுகிறது. கிணற்று நீரில் வாயு கலக்கிறது, நிலம் நடுங்குகிறது என்கிறது இன்னொரு தரப்பு. யார் சொல்வது உண்மை? கண்காணிக்க அரசுத் துறைகள் இருந்தும் மக்களுக்கு ஏன் இவ்வளவு அவநம்பிக்கை?

இரண்டு தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை. கம்பெனி பேசுவது பாறையைப் பிளக்கும் அந்தச் சில நாள் வேலையைப் பற்றி. ஊர்க்காரர்கள் பேசுவதோ, முதல் லாரி வந்த நாளிலிருந்து எரிவாயுக் கிணற்றை மூடிவிட்டுப் போகும் நாள் வரை நடக்கிற எல்லாவற்றையும் பற்றி. அவநம்பிக்கை எங்கே வேர்விட்டது என்று கேட்டால் நான் மூன்று இடங்களைக் காட்டுவேன்: தப்பு நடந்தால் அதை யார் நிரூபிக்க வேண்டும், ஆவணங்கள் யார் கையில் இருக்கின்றன, கடைசியில் செலவு யார் தலையில் விழுகிறது.

தொழில்நுட்பம் பழையதுதான். 1947-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 1949-இல் ஹாலிபர்ட்டன் நிறுவனம் அதை வணிகமாக்கியது. ஆனால் பெரிய மாற்றம் 1990-களின் கடைசியில்தான் வந்தது. டெக்சாஸில் உள்ள பார்னெட் என்ற ஷேல் (வாயு அடைபட்ட களிப்பாறை) படுகையில், ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் விலை கூடிய ஜெல்லைக் குறைத்துவிட்டுப் பெரும்பாலும் தண்ணீரையே அடித்து வாயுவை வெளியே கொண்டுவந்தது. இதோடு பக்கவாட்டில் துளையிடும் முறையும் சேர்ந்தபோது, அதுவரை லாபமில்லை என்று ஒதுக்கிய படுகைகள் எல்லாம் பணமாகின.

எரிவாயுக் கிணறு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் நேராக இறங்கும். ஷேல் அடுக்கை எட்டியதும் படுக்கைவாக்கில் திரும்பி இன்னும் வெகுதூரம் போகும். துளைக்குள் இரும்புக் குழாய்களை இறக்கி, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியில் சிமென்ட் நிரப்புவார்கள். ஷேல் அடுக்கில் கிடக்கும் குழாயில் சிறு வெடிகளால் ஓட்டை போட்டு, தண்ணீர், மணல், கொஞ்சம் ரசாயனம் கலந்த திரவத்தை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். பாறை மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். அந்த விரிசல் மீண்டும் மூடாமல் மணல் தாங்கிப் பிடிக்க, வாயு கசிந்து வெளியே வரும். ஒரே கிணற்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் போவது சாதாரணம். போன தண்ணீரில் ஒரு பகுதி திரும்பி வரும். அதோடு பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்த உப்புநீரும் வரும். கடல்நீரை விடப் பல மடங்கு உப்பு, பேரியம், சில இடங்களில் கதிரியக்கமுள்ள ரேடியம் வரை அதில் இருக்கும். இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் இந்தத் தொழிலின் தீராத தலைவலி.

"விரிசல் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில். குடிநீர் சில நூறு அடியில். நடுவே இவ்வளவு பாறை இருக்கும்போது அது எப்படி மேலே வரும்?" என்று நிறுவனங்கள் கேட்கின்றன. ஆழமான படுகைகளைப் பொறுத்தவரை இது நியாயமான வாதம். ஆனால் வாயு மேலே வருவதற்குப் பாறையைத் துளைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. கிணறே ஒரு வழிதான். சிமென்ட் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், குழாயின் வெளிப்பக்கமாகவே மீத்தேன் ஏறி நிலத்தடி நீருக்குள் நுழையும். 2011-இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வடகிழக்கு பென்சில்வேனியாவில் எரிவாயுக் கிணறுகளுக்கு 1 கிலோமீட்டருக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளில் மீத்தேன் மிக அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அதே துறையில் 2014-இல் வந்த தொடர் ஆய்வு, தாங்கள் பார்த்த இடங்களில் பழி பிளந்த பாறைக்கு அல்ல, சரியாகக் கட்டப்படாத கிணறுகளுக்கே என்றது. நிறுவனங்கள் இதைத் தங்களுக்குச் சாதகமான தீர்ப்பாக எடுத்துக்கொண்டன. சமையலறைக் குழாயில் வாயு வரும் வீட்டுக்காரருக்கு இந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல்?

பென்சில்வேனியாவின் டிமாக் என்ற சிற்றூரைப் பாருங்கள். 2009 புத்தாண்டு நாளன்று ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்து, மேலே மூடியிருந்த கான்கிரீட் பலகை சிதறியது. உள்ளே மீத்தேன் தேங்கியிருந்தது. பக்கத்தில் எரிவாயுக் கிணறுகள் தோண்டியது காபட் ஆயில் அண்டு கேஸ். மாநிலச் சுற்றுச்சூழல் துறை நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, அந்தப் பகுதியில் புதிதாகத் தோண்டக் கூடாது என்று தடுத்தது. நிறுவனமோ, மீத்தேன் அந்த மண்ணில் இயற்கையாகவே இருப்பது என்று சாதித்தது. 2012-இல் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இபிஏ, வீடுகளில் நீர் மாதிரி எடுத்துப் பரிசோதித்து, மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. அதே மாதிரிகளின் முடிவுகளை மத்தியச் சுகாதார முகமை ஒன்று எடுத்துப் பார்த்தது. சில கிணறுகளின் நீரில் உடல்நலத்தைப் பாதிக்கும் அளவுக்குப் பொருட்கள் இருந்தன என்று 2016-இல் அறிக்கை கொடுத்தது. ஒரே நீர், இரண்டு அரசு அலுவலகங்கள், இரண்டு பதில்கள். நிறுவனத்தின் வாரிசான கோட்டெரா எனர்ஜி 2022 நவம்பரில்தான் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடுவதில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி, ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட சுமார் 1.6 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. வெடித்த நாளிலிருந்து கிட்டத்தட்ட 14 ஆண்டுகள். அரசுத் துறை இருக்கிறதே, ஏன் பயம் என்று டிமாக்கில் யாரிடமும் கேட்க முடியாது.

சட்டத்தின் கதை இன்னும் மோசம். 1997-இல் அலபாமா வழக்கு ஒன்றில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், ஃபிராக்கிங்கும் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் கீழ் வர வேண்டியதே என்று தீர்ப்பளித்தது. 2004-இல் இபிஏ, நிலக்கரி அடுக்குகளில் செய்யப்படும் ஃபிராக்கிங்கால் குடிநீருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தை நிறைவேற்றி, டீசல் கலக்காத ஃபிராக்கிங்கை அந்தக் குடிநீர்ச் சட்டத்தின் பிடியிலிருந்தே விலக்கியது. அப்போதைய துணை அதிபர் டிக் செனி, பதவிக்கு வரும் முன் ஹாலிபர்ட்டனின் தலைவராக இருந்தவர். புஷ் அரசின் எரிசக்திக் கொள்கையை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அதனால்தான் எதிர்ப்பாளர்கள் இந்த விலக்கை இன்றும் "ஹாலிபர்ட்டன் ஓட்டை" என்கிறார்கள். மாநிலச் சட்டங்கள் போதும் என்று ஆதரவாளர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். மண்ணும் பாறையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டே பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்கும் வாங்கினால், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

நீங்கள் குறிப்பிடும் "ஆய்வுகளே சொல்லிவிட்டன" என்ற வாதம் பெரும்பாலும் 2015 ஜூனில் வந்த இபிஏ வரைவு அறிக்கையிலிருந்து வருவது. குடிநீர் ஆதாரங்களில் பரவலான, முறையான பாதிப்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்ற பொருளில் அதில் ஒரு வாக்கியம் இருந்தது. அது எல்லாத் தலைப்புச் செய்திகளிலும் ஏறியது. அந்த வாக்கியத்தைத் தாங்கும் அளவுக்கு உள்ளே தரவு இல்லை என்று முகமையின் சொந்த அறிவியல் ஆலோசனைக் குழுவே 2016-இல் சுட்டிக்காட்டியது. டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அந்த வாக்கியம் நீக்கப்பட்டது. சில சூழ்நிலைகளில் பாதிப்பு ஏற்படும், நாடு முழுவதற்கும் கணக்குச் சொல்லத் தரவு போதாது என்பதுதான் கடைசி நிலைப்பாடு. நீக்கப்பட்ட வரி இன்னும் விவாதங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தரவு ஏன் போதவில்லை? இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரும்பாலான இடங்களில், துளையிடும் முன் குடிநீர் எப்படி இருந்தது என்று யாரும் பரிசோதிக்கவில்லை. சில பகுதிகளில் நிலத்தடி நீரில் இயற்கையாகவே மீத்தேன் உண்டு. துளையிடும் முன்பே குழாயில் தீப்பிடித்த வீடுகளும் உண்டு. ஆகவே முன்பரிசோதனை இல்லாவிட்டால் இரு தரப்பும் காலம் முழுக்க வாதாடிக்கொண்டிருக்கலாம், யாராலும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாத நிலை எப்போதும் நிறுவனத்துக்கே லாபம்.

இருக்கும் தகவலும் வெளியே வராது. அடிக்கும் ரசாயனங்களின் பட்டியலை வெளியிட ஃபிராக்ஃபோகஸ் என்ற இணையப் பதிவேடு 2011-இல் தொடங்கப்பட்டது நல்லதுதான். ஆனால் தொழில் ரகசியம் என்று சொல்லிப் பெயரை மறைக்க அதில் இடம் இருக்கிறது. பென்சில்வேனியாவின் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், நோயாளிக்குச் சிகிச்சை தர அந்த ரசாயனத்தின் பெயரைக் கேட்கும் மருத்துவர் ரகசியம் காப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது. இழப்பீடு வாங்கிக்கொண்டு ஒதுங்கும் குடும்பங்களிடமும் வாய்திறக்க மாட்டோம் என்று கையெழுத்து வாங்குவது வழக்கம். அதே மாநிலத்தில் ஒரு குடும்பம் 2011-இல் 7,50,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. நாளேடு வழக்கு ஆவணங்களைக் கேட்டு நீதிமன்றம் போனபின் 2013-இல் அவை வெளிவந்தன. ஃபிராக்கிங்கைப் பற்றிப் பேசக் கூடாது என்ற நிபந்தனை 7 வயதும் 10 வயதுமான அவர்களுடைய குழந்தைகளுக்கும் பொருந்துமா என்று விசாரணையில் கேட்டபோது, நிறுவனத்தின் வழக்கறிஞர் ஆம் என்று சொன்னது அதில் பதிவாகியிருந்தது. அது தங்கள் நிலைப்பாடு அல்ல என்று நிறுவனம் பின்னால் மறுத்தது. இப்படி ஒவ்வொரு வழக்கும் மூடப்பட்டால், பாதிப்புக்குப் பதிவான ஆதாரம் குறைவு என்று சொல்வது சுலபம்.

2011-இல் ஹூஸ்டனில் நடந்த தொழில்துறைக் கூட்டம் ஒன்றில், அனடார்கோ என்ற எண்ணெய் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் சக நிறுவனத்தாருக்கு ஒரு யோசனை சொன்னார்: ராணுவத்தின் கிளர்ச்சி ஒடுக்கும் கையேட்டைப் பதிவிறக்கிப் படியுங்கள், நாம் எதிர்கொள்வது ஒரு கிளர்ச்சி என்று. ஒலிப்பதிவு வெளியே வந்துவிட்டது. குடிநீரைப் பற்றிக் கேள்வி கேட்கும் பக்கத்து வீட்டுக்காரரை இப்படிப் பார்ப்பவர்கள், பிறகு மக்களுக்கு எத்தனை விளக்கப் பிரசுரம் அச்சடித்துக் கொடுத்தாலும் பயனில்லை.

நிலநடுக்கத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 2009-க்கு முன் 3 ரிக்டருக்கு மேற்பட்ட அதிர்வு ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான். 2015-இல் 900-க்கும் மேல். காரணம் பாறையைப் பிளந்தது அல்ல. எண்ணெயோடு மேலே வந்த உப்புநீரை ஆர்பக்கிள் என்ற ஆழமான அடுக்கில் மீண்டும் செலுத்தியதே பெரும்பாலான அதிர்வுகளுக்குக் காரணம். நீர் அழுத்தம் கூடக் கூட, அசையாமல் கிடந்த பழைய பிளவுகள் நழுவின. 2011 நவம்பரில் அங்குள்ள பிராக் நகருக்கு அருகே 5.7 அளவில் ஒன்று வந்து வீடுகளை இடித்தது. அதைக் கழிவுநீரோடு தொடர்புபடுத்தி 2013-லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. மாநிலப் புவியியல் ஆய்வுத் துறை 2015 ஏப்ரல் வரை அதை வெளிப்படையாக ஏற்கவில்லை. அந்தத் துறை மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குள் இயங்குவது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் இயக்குநர் குழுவிலும் இருந்தார். மாநில நிலநடுக்கவியலாளரை அதே நிறுவனத்தின் தலைவரோடு பேச அவர் 2013-இல் அழைத்திருந்தது பின்னால் மின்னஞ்சல்களில் தெரிந்தது. முடிவை யாரும் மாற்றச் சொன்னதாக நான் சொல்லவில்லை. மக்கள் அந்த மின்னஞ்சலைப் படித்தபின் துறையின் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு மிஞ்சியிருக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

அதே ஓக்லஹோமாதான் கண்காணிப்பு வேலை செய்யும் என்பதற்கும் சாட்சி. 2015, 2016-இல் ஒழுங்குமுறை ஆணையம் கழிவுநீர் செலுத்தும் அளவைச் சுமார் 40 சதவீதம் குறைக்கச் சொன்னது. எண்ணெய் விலைச் சரிவும் சேர்ந்து உதவியது. 2016 செப்டம்பரில் பானி என்ற ஊரில் 5.8 அளவில் ஒரு பெரிய அதிர்வு வந்தாலும், 2017-க்குள் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. இதை இன்னும் மூன்று ஆண்டுகள் முன்பே செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

பிரிட்டனில் கதை வேறு மாதிரி முடிந்தது. அமெரிக்காவில் நிலத்துக்குக் கீழே இருக்கும் வாயு பெரும்பாலும் நிலத்துக்காரருக்குச் சொந்தமாக முடியும். பென்சில்வேனியாவில் அவருக்குக் குறைந்தது 12.5 சதவீதம் ராயல்டி, அதாவது வருமானப் பங்கு, உண்டு. பிரிட்டனில் 1934 சட்டத்தின்படி எல்லாம் அரசுக்கே. வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் விவசாயிக்கு லாரி, சத்தம், அதிர்வு எல்லாம் வரும். வருமானம் மட்டும் வராது. குவாட்ரில்லா நிறுவனம் 2011-இல் பிளாக்பூல் அருகே முதல் கிணற்றைப் பிளந்தபோதே 2.3 அளவில் அதிர்வு வந்தது. குழாய் நெளிந்ததை அந்நிறுவனம் உரிய நேரத்தில் தெரிவிக்காததை அமைச்சர் பின்னால் கடிதத்தில் கண்டித்தார். 2012-இல் ராயல் சொசைட்டியும் பொறியியல் கழகமும் சேர்ந்து, கடுமையான கண்காணிப்பு இருந்தால் ஆபத்தைச் சமாளிக்கலாம் என்றன. 0.5 அளவுக்கு மேல் அதிர்ந்தால் வேலையை நிறுத்த வேண்டும் என்று விதி வந்தது. 2015-இல் மாவட்ட மன்றம் அனுமதி மறுத்தது. 2016-இல் லண்டனில் இருந்த அமைச்சர் அதை ரத்து செய்தார். 2018-இல் வேலை தொடங்கியதும் அதிர்வு வரத் தொடங்கியது. 0.5 என்பது மிகக் கடுமை, தளர்த்துங்கள் என்று நிறுவனம் கேட்டது. புவியியல்படி பார்த்தால் அந்தக் கோரிக்கையில் அர்த்தம் இருந்தது. அவ்வளவு சின்ன அதிர்வை மனிதர்களால் உணரவே முடியாது. ஆனால் இந்த விதியை நம்புங்கள் என்று ஊரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, விதி உறுத்தியதும் மாற்றச் சொன்னால் எப்படி? 2019 ஆகஸ்டில் 2.9 வந்தது. நவம்பரில் தடை விழுந்தது. 2022-இல் பிரதமர் லிஸ் டிரஸ் அதை நீக்கினார். சில வாரங்களிலேயே அவர் பதவியும் போய், தடையும் திரும்பி வந்தது.

உள்ளூர் முடிவை மேலிருந்து மிதிப்பது டெக்சாஸிலும் நடந்தது. டென்டன் நகர மக்கள் 2014 நவம்பரில் 59 சதவீத வாக்குகளோடு ஃபிராக்கிங்கைத் தடை செய்தார்கள். எண்ணெய்த் தொழில் பிறந்து வளர்ந்த மாநிலத்தில், எரிவாயுக் கிணறுகளோடு வாழ்ந்து பழகியவர்கள் போட்ட ஓட்டு அது. 2015 மேயில் மாநில அரசு, நகரங்கள் இப்படித் தடைபோட முடியாது என்று சட்டம் கொண்டுவந்துவிட்டது.

மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் என் பதில் ஒருதலையாகிவிடும். 2005-இல் அமெரிக்க மின்சாரத்தில் பாதி நிலக்கரியிலிருந்து வந்தது. 2020-இல் ஐந்தில் ஒரு பங்குதான். மலிவான ஷேல் வாயு அதற்குப் பெரிய காரணம். நிலக்கரிப் புகையால் இறந்துகொண்டிருந்தவர்களை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்த லாபத்திலும் ஓட்டை உண்டு. எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அமெரிக்க எண்ணெய், எரிவாயுத் துறையின் கசிவு இபிஏ கணக்கை விட 60 சதவீதம் அதிகம் என்று 2018-இல் வெளியான விரிவான ஆய்வு காட்டியது. அரசு கணக்கு பெரும்பாலும் உபகரணத்துக்கு இவ்வளவு என்ற சராசரியை வைத்துப் போட்டது. ஆய்வாளர்கள் நேரில் போய், விமானத்தில் பறந்தும் அளந்தார்கள்.

அப்படியானால் எதை நம்பலாம்? விதிகளின் எண்ணிக்கையை வைத்து நான் முடிவெடுப்பதில்லை. துளையிடும் முன்னும் பின்னும் சுற்றுவட்டக் குடிநீரைப் பரிசோதிக்கக் கட்டாயம் இருக்கிறதா என்று பார்ப்பேன். கொலராடோ 2013-இல் அதைக் கொண்டுவந்தது. நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்று பார்ப்பேன். பென்சில்வேனியாவின் அதே 2012 சட்டத்தில் ஒரு நல்ல அம்சமும் உண்டு: கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், 12 மாதத்துக்குள் நீர் கெட்டால், நிறுவனமே காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். கண்காணிக்கும் அமைப்பின் வேலை என்னவென்று சட்டத்தில் எழுதியிருக்கிறது என்றும் பார்ப்பேன். 2017-இல் கொலராடோவின் ஃபயர்ஸ்டோனில், சரியாக மூடாமல் விட்ட பழைய வாயுக் குழாயிலிருந்து கசிந்து ஒரு வீடு வெடித்து இருவர் இறந்தார்கள். 2019-இல்தான் அந்த மாநிலம், எண்ணெய் எரிவாயு ஆணையத்தின் பணி தொழிலை வளர்ப்பது என்பதை மாற்றி, மக்கள் பாதுகாப்பை முன்வைத்து ஒழுங்குபடுத்துவது என்று திருத்தியது.

கடைசியாக, வாயு தீர்ந்தபின் கிணற்றை அடைக்க முன்கூட்டியே எவ்வளவு பணம் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். இதைப் பற்றி விவாதங்களில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்க மத்திய அரசின் நிலத்தில் தோண்ட ஒரு குத்தகைக்கு வைக்க வேண்டிய குறைந்தபட்ச ஈட்டுத்தொகை 1960-இல் 10,000 டாலர் என்று வைத்தார்கள். கிணறுகள் ஆழமாகின, நீண்டன, செலவு பல மடங்கு ஏறியது. தொகை மட்டும் 60 ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. 2024-இல்தான் அது 1,50,000 டாலர் ஆனது. அதற்கு முன்பே, உரிமையாளர் இல்லாமல் கைவிடப்பட்ட கிணறுகளை அடைக்க 2021-இல் நாடாளுமன்றம் 470 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. அது வரிகட்டுகிறவர்களின் பணம்.